பூட்டன்பிடிப்பான்

பழைய புகைப்படத்துக்கு முன்னால் வந்து நிற்கிற மனிதர்களில் பெரும்பாலோர் கைகளைப் பின்னால் கட்டிக்கொள்வார்கள். தலையைக் கொஞ்சம் சாய்ப்பார்கள். "அடேயப்பா, அந்தக் காலத்துல..." என்று பாதி வாக்கியம் சொல்லிவிட்டு மீதியை முழுங்கிக்கொண்டு அடுத்த படத்துக்கு நகர்ந்துவிடுவார்கள். இவர்களால் உலகத்துக்கு ஒரு தொந்தரவும் இல்லை. ஆனால் மீன்கொத்தி, மரங்கொத்தி என்பதுபோல் இன்னோர் இனம் இருக்கிறது. அது கையைப் பின்னால் கட்டாது. ஆள்காட்டி விரலை நீட்டிக்கொண்டேதான் உள்ளே வரும். படத்தில் பதினோரு பேர் நின்றால், அந்தப் பதினொன்றில் ஒருவர் தன்னுடைய அப்பாவின் தாத்தாவாகத்தான் இருந்தாக வேண்டும் என்பது அதற்குப் பிறக்கும்போதே தெரியும். எவர் என்பது மட்டும்தான் பாக்கி. இந்த இனத்துக்கு நாம் பூட்டன்பிடிப்பான் என்று பெயர் வைப்போம்.

எல்லா ஊரிலும் ஒன்றிரண்டு உண்டு. ஆனால் கொழுகொழுவென்று வளர்வது கலிபோர்னியாவின் தங்க மலைகளில்தான். பிக்ஸ்பி கேம்ப் மாதிரியான ஊர்களில். அங்கே தங்கம் தீர்ந்து எத்தனையோ காலம் ஆயிற்று. தங்கப் பாறையை இடித்த ஆலையின் இரும்பைக்கூடக் கழற்றிக்கொண்டு போயாயிற்று. மிச்சம் இருப்பது மியூசியத்தில் மாட்டியிருக்கிற புகைப்படங்கள் மட்டுமே. மண்ணைத் தோண்டி இனி ஒன்றும் வராது என்று தெரிந்துகொண்ட ஜனங்கள் படத்தைத் தோண்ட ஆரம்பித்துவிட்டார்கள். ஆளுக்கொரு பூட்டன் கிடைத்தால் லாபம்தானே?

பூட்டன்பிடிப்பானை அடையாளம் கண்டுகொள்வது சுலபம். படத்தில் ஆலை இருக்கும். அது ஆலையைப் பார்க்காது. இருபது இரும்பு உலக்கைகள், ஒவ்வொன்றும் ஒரு காளை மாட்டின் கனம், வரிசை கட்டி நிற்கும், பார்க்காது. இடித்த பாறை மாவு தண்ணீரோடு இறங்கி வழிகிற செப்புத் தகடுகள், அதில் பூசிய பாதரசம் தங்கத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிற சூட்சுமம், எதையும் பார்க்காது. அது காதைப் பார்க்கும். மூக்கைப் பார்க்கும். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, மறுபடி மாட்டி, முகத்தைப் படத்துக்கு ஒரு சாண் தூரத்தில் கொண்டுபோய், கடைசியில் படத்தின் கண்ணாடிமேல் 'டொக்' என்று விரலை வைக்கும். வைத்த இடத்தில் ஒரு ரேகை விழும். மியூசியத்தில் தினமும் சாயங்காலம் அந்த ரேகையைத் துடைப்பதற்கென்றே ஒரு துணி வைத்திருக்கிறார்கள்.

பிக்ஸ்பி கேம்ப்பின் தலைசிறந்த பூட்டன்பிடிப்பான் ஆர்வில் டிரெம்பாத். முப்பத்தோரு வருஷம் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். ஊரில் நாற்பது வயதுக்குக் கீழே இருக்கிற அத்தனை பேரும் அவருடைய பூட்டன் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள்தான். வேறு என்ன செய்வது? ஓடுகிற பேருந்திலிருந்து குதிக்கவா முடியும்? இப்போது பேருந்து இல்லாததால் மியூசியத்துக்கு வருகிற வெளியூர்க்காரர்கள் மாட்டிக்கொண்டார்கள். உள்ளே நுழைந்ததும் ஆர்வில் அவர்களை அந்தப் பெரிய படத்துக்கு முன்னால் ஓட்டிக்கொண்டு போய் நிறுத்துவார். பக்கத்தில் தானும் முகவாயைத் தூக்கி, ஒரு பக்கமாகத் திரும்பி நின்றுகொள்வார்.

"நடுவுல தொப்பி போட்டு நிக்கிறாரே, அவரோட மூக்கைப் பாருங்க. பாத்தாச்சா? இப்ப என் மூக்கைப் பாருங்க."

"ரெண்டும் மூக்குதான் சார்."

"அதைத்தானே நானும் சொல்றேன்!"

அந்தப் படம் ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றொன்றில் எடுத்தது. ஆலைக்குள்ளேயே எடுத்தது. அதற்காக உலக்கைகளை நிறுத்த வேண்டியிருந்தது. இல்லாவிட்டால் தரை நடுங்கும், படம் விழாது. இராப்பகலாக இடித்துக்கொண்டிருந்த உலக்கைகள் சட்டென்று நின்றதும் பள்ளத்தாக்கில் இருந்த பெண்கள் எல்லாம் எவன் கை போயிற்றோ என்று அலறிக்கொண்டு ஓடிவந்தார்களாம். சத்தத்திலே தூங்கிப் பழகிய கைக்குழந்தைகள் நிசப்தத்தைக் கேட்டு வீறிட்டனவாம். உள்ளே வெளிச்சம் குறைவு. ஆகவே படக்காரர், "நான் எட்டு எண்ணி முடிக்கிற வரைக்கும் ஒருத்தரும் அசையக் கூடாது" என்று சொல்லிவிட்டு கேமராவின் மூடியைத் திறந்தார். பத்துப் பேர் அசையவில்லை. இடது ஓரத்தில் ஏணியோரம் நின்ற ஓர் ஆள் மட்டும் அசைந்துவிட்டான். அவன் இருந்த இடத்தில் இப்போது கீழே இரண்டு பூட்ஸ். மேலே வெறும் புகை.

புகையைப் பற்றி யாருக்கு அக்கறை? எல்லாருடைய கண்ணும் நடுவில் நிற்கிறவர்மேல்தான். வட்டத் தொப்பி, சட்டைப்பையிலிருந்து தொங்குகிற கடிகாரச் சங்கிலி, கையில் பாதரசத் தட்டு, 'இந்த மலையை நான்தான் கொண்டுவந்து இங்கே வைத்தேன்' என்கிற பார்வை. படத்துக்குப் பின்னால் நாலு பேருடைய பெயர் இருக்கிறது. தொப்பிக்காரர் பெயர் இல்லை. பெயர் இல்லாத பூட்டன் என்றால் கேட்பாரற்ற பலாப்பழம் மாதிரி. ஆர்வில் சுமந்துகொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

சிக்கல் என்னவென்றால், அதே பலாப்பழத்தை வேறொருவரும் சுமந்துகொண்டிருந்தார்.

ஓபல் பெங்கெல்லி அம்மாள். தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆர்விலோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து கூடப் படித்தவர். ஒன்றாம் வகுப்பிலிருந்தே அவரோடு ஒத்துப்போகாதவர். தொப்பிக்காரர் பெங்கெல்லி வம்சம் என்பது ஓபலின் கட்சி. மியூசியத்தில் படத்துக்குக் கீழே இரண்டு அட்டைகள் இருந்தன. ஒன்று, 'டிரெம்பாத் குடும்பத்தின் முன்னோர்'. இன்னொன்று, 'பெங்கெல்லி குடும்பத்தின் முன்னோர்'. செவ்வாய்க்கிழமை ஆர்வில் வந்து போனால் பெங்கெல்லி அட்டை பூந்தொட்டிக்குப் பின்னால் இருக்கும். புதன்கிழமை ஓபல் வந்து போனால் டிரெம்பாத் அட்டை குப்பைக்கூடைக்குப் பக்கத்தில் இருக்கும். கூடைக்குள்ளே போடமாட்டார். மரியாதை தெரிந்தவர்.

"ஓபல், அது உங்க ஆளுன்னு உன்கிட்ட என்ன சாட்சி இருக்கு?"

"எங்க வீட்டுல அந்தத் தொப்பி இருக்கு."

"எங்க வீட்டுலயும்தான் ஒரு வாணலி இருக்கு. அதுக்காக அவர் கையில இருக்கிற தட்டு எங்க வாணலின்னு சொல்றேனா?"

"நீ சொன்னாலும் சொல்லுவே. இருபத்தஞ்சு வருஷமா ஒரு மூக்கை வெச்சுக்கிட்டு ஊரை ஏமாத்துறவன்தானே நீ."

இப்படிச் சந்தோஷமாக ஓடிக்கொண்டிருந்த காலத்தில்தான் ஊர்க்காரர்கள் தீயணைப்பு நிலையத்தின் வெற்றுச் சுவரைப் பார்த்துவிட்டார்கள். அந்தச் சுவர் முழுக்க அந்தப் படத்தையே பெரிதாக வரைந்துவிடுவது, தெரிந்த ஆட்களின் காலடியில் பெயர் எழுதிவிடுவது என்று முடிவாயிற்று. மரிசோல் இபார்ரா என்ற ஓவியர் சாரம் கட்டி ஏறி உலக்கைகளையும் ஆட்களையும் வரைந்துகொண்டே வந்தார். தொப்பிக்காரர் ஓர் ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு உயரத்தில் எழுந்து நின்றார். அவர் காலடிதான் காலியாக இருந்தது.

தீயணைப்பு நிலையத் தலைவர் ஹார்லன் பிரே பொறுமைசாலி. காட்டுத்தீயோடு பேச்சுவார்த்தை நடத்திப் பழகியவர். அவரே சொல்லிவிட்டார்: "இதோ பாருங்க, ஒரு ஆளுக்கு ரெண்டு குடும்பப் பேரு எழுத முடியாது. அடுத்த மாசம் முதல் வியாழக்கிழமை நாலு மணிக்கு வண்டி நிக்கிற இடத்துல கூட்டம். ஆதாரம் கொண்டாங்க. யாருது நிக்குதோ அந்தப் பேரு. அந்தச் சனிக்கிழமை திறப்பு விழா."

நீங்கள் சிரிக்கலாம். ஆனால் ஆர்விலின் நிலையில் இருந்து பாருங்கள். முப்பத்தோரு வருஷத்தில் ஊர் அவரிடம் கேட்ட ஒரே கேள்வி, "பஸ் ஏன் லேட்டு?" என்பதுதான். தொப்பிக்காரரின் கொள்ளுப்பேரன் என்கிற ஒன்று மட்டும்தான் அவர் தோளில் இருந்த சால்வை. சுவரில் 'டிரெம்பாத்' என்று எழுதினால் அவர் செத்த பிறகும் சால்வை நிற்கும். 'பெங்கெல்லி' என்று எழுதிவிட்டால்? வெறும் ஆர்வில். ஓய்வு பெற்ற ஓட்டுநர். பாஸ்டி என்கிற இறைச்சிப் பணியாரம் வாங்கக் கடைக்குப் போனாலும் அந்தச் சுவரைத் தாண்டித்தான் போக வேண்டும்.

அவர் இங்கிலாந்தில் இருக்கிற கார்ன்வாலுக்குக் கடிதம் எழுதினார். சுரங்க வேலை தெரிந்த அந்த ஜனங்களெல்லாம் கடல் தாண்டி வந்தது அங்கிருந்துதானே. அங்கே மோர்வெனா என்று ஒரு தூரத்துச் சகோதரி, டிரெம்பாத் வீட்டுப் பரணுக்குச் சொந்தக்காரி. 'பூட்டனார் ஊருக்கு அனுப்பிய படம், கடிதம், எதுவானாலும் சரி, உடனே அனுப்பு' என்று எழுதினார்.

கூட்டத்துக்கு முந்தின நாள், புதன்கிழமை காலை, உறை வந்தது. சமையலறையில் அவர் மனைவி வெர்னா பாஸ்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தார். இரண்டு கெட்டி அட்டைகளுக்கு நடுவில் அதே படத்தின் இன்னொரு பிரதி. கூடவே ஒரு சின்னச் சீட்டு. ஆர்வில் குரலை உயர்த்தி வாசித்தார்.

"'அன்புள்ள ஆர்வில், பரணில் ஒரு பெட்டிக்குள்ள இது இருந்துச்சு. பின்னாடி எழுத்து ஒண்ணும் இல்ல, தேடாதே. அவருக்கு எழுதத் தெரியாது. ஜன்னலுக்கு நேராப் பிடிச்சுப் பாரு. தன் தலைக்கு மேல ஊசியால ஒரு ஓட்டை குத்தி அனுப்பியிருக்காரு. எழுதத் தெரியாதவங்க அப்படித்தான் அனுப்புவாங்களாம். அவரோட அம்மா தினமும் காலையில இதை வெளிச்சத்துல பிடிச்சுப் பார்ப்பாங்கன்னு எங்க வீட்டுல சொல்லுவாங்க.' கேட்டியா வெர்னா? ஊசி ஓட்டை! இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? ஓபல் செத்தா!"

ஜன்னலுக்கு ஓடினார். படத்தைத் தூக்கிப் பிடித்தார். தொப்பிக்கு மேலே பார்த்தார். இருட்டு. கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். தொப்பிக்கு மேலே உத்தரம்தான் இருந்தது. அப்புறம் எங்கிருந்தோ ஒரு வெளிச்சம் கண்ணில் குத்தியது. சீரகம் அளவு ஒரு பொட்டு. இடது ஓரத்தில். ஏணியோரம். புகைக்கு மேலே.

ஆர்வில் படத்தைக் கீழே இறக்கினார்.

"வெர்னா, இது பூச்சி அரிச்சது."

"பூச்சி வந்து வட்டமா ஒரே ஒரு ஓட்டை போட்டுட்டு, வயிறு நெறைஞ்சு போச்சுன்னு கிளம்பிடுச்சாக்கும்?"

"தபால்ல வரும்போது எதுவோ குத்தியிருக்கும்."

"அட்டை ரெண்டுலயும் ஓட்டையைக் காணோமே."

"அப்ப குத்தும்போது அவருக்குக் கை நடுங்கியிருக்கணும்."

"நடுவுல நிக்கிற ஆளுலேருந்து ஓரத்துல நிக்கிற ஆள் வரைக்குமா? நாலு தலையைத் தாண்டி நடுங்குச்சா கை?"

ஆர்விலின் பார்வை மாவுப் பாத்திரத்தின்மேல் விழுந்தது. ஒரு துளி மாவு. கடுகளவு. ஓட்டைமேல் வைத்து அழுத்தித் தேய்த்தால் போதும். மோர்வெனா இருப்பது ஆறாயிரம் மைலுக்கு அப்பால். ஓபலுக்குத் தெரியப்போவதில்லை. ஆர்விலின் விரல் மெதுவாக நீண்டது. வெர்னா பாத்திரத்தைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டார்.

"மாவுல கை வெச்சே, ராத்திரிக்குச் சாப்பாடு கிடையாது."

"நான் என்ன பண்ணப்போறேன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"நாப்பத்தாறு வருஷமா கூட இருக்கேன், தெரியாதா?" வெர்னா கையைத் துடைத்துக்கொண்டு வந்து படத்தை வாங்கி, தானும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "பாவம். மூஞ்சியே இல்ல. பிள்ளை படம் அனுப்பியிருக்கான்னு அந்த அம்மா ஆசையாப் பிரிச்சிருப்பா, பாத்தா புகை. இருந்தாலும் தினம் எடுத்துப் பாத்திருக்கா. பக்கத்துல இத்தனை பேரு லட்சணமா நிக்கிறாங்க, அவ கண்ணுக்கு ஒருத்தரும் தெரியல."

ஆர்வில் படத்தை வாங்கிக்கொண்டார். நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு பூட்டன்பிடிப்பான் விழித்திருக்கும்போதே நாற்பது நிமிஷம் வாயை மூடிக்கொண்டிருந்தது என்று சொன்னால் அறிந்தவர்கள் நம்பமாட்டார்கள். ஆனால் நடந்தது. நாற்பத்தோராவது நிமிஷம் அவர் மெள்ளக் கேட்டார்.

"வெர்னா, இவன் ஏன் அசைஞ்சான்?"

"எனக்கென்ன தெரியும்? மூக்கு அரிச்சிருக்கும்."

"இல்ல. யோசிச்சுப் பாரு. பத்துப் பேர் அசையல. இவன் மட்டும் ஏன் அசைஞ்சான்?"

வெர்னாவுக்கு அந்தக் குரல் தெரியும். "ஐயோ கடவுளே, ஆரம்பிச்சாச்சு" என்று சொல்லிக்கொண்டே பாஸ்டியை அடுப்புக்குள் தள்ளினார்.

வியாழக்கிழமை நாலு மணிக்குத் தீயணைப்பு வண்டியை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே மியூசியத்துப் படத்தைச் சாய்த்துவைத்து, எதிரே நாற்காலி போட்டிருந்தார்கள். ஊரில் பாதி வந்திருந்தது. மீதிப் பாதிக்கு வேலை இருந்தது. மரிசோல் கையில் தூரிகையோடு வாசலிலேயே நின்றார். பெயர் முடிவானதும் ஓடிப்போய் எழுத வேண்டுமே.

ஓபல் முதலில் எழுந்தார். ஒரு வட்டப் பெட்டியைத் திறந்து தொப்பியை எடுத்து, கிரீடம்போல் இரண்டு கையாலும் தூக்கி, தன் தலையிலேயே வைத்துக்கொண்டார்.

"இடது பக்கம் இந்த நசுங்கல் தெரியுதா? இப்ப படத்தைப் பாருங்க. அதே இடத்துல நசுங்கல் இருக்கா இல்லையா?"

இருந்தது. ஹார்லன் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். கூட்டம் முணுமுணுத்தது. ஓபல் தொப்பியோடே உட்கார்ந்துகொண்டார்.

"ஆர்வில், உன்கிட்ட என்ன இருக்கு?"

ஆர்விலின் சட்டைக்குள் உறை இருந்தது. 'ஒன்றுமில்லை' என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தால் தோல்வியோடு போயிற்று; புகை விஷயம் யாருக்கும் தெரியாது. இரண்டாவது வரிசையில் வெர்னா மாவுப் பாத்திரத்தை இழுத்த அதே முகத்தோடு உட்கார்ந்திருந்தார். ஆர்வில் எழுந்தார்.

"தொப்பிக்காரர் எங்க ஆள் இல்ல."

நாற்காலிகள் கிறீச்சிட்டன. எல்லோரையும்விடத் திடுக்கிட்டவர் ஓபல்.

"இல்லையா?" என்றார், யாரோ அவர் கைத்தடியைப் பிடுங்கிக்கொண்ட மாதிரி. "ஏன் இல்ல? நேத்து வரைக்கும் இருந்தாரே?"

ஆர்வில் உறையிலிருந்து படத்தை எடுத்தார். மோர்வெனாவின் சீட்டை வாசித்தார். வாசல் வெளிச்சத்துக்கு நேராகப் படத்தைப் பிடித்தார். ஊர்க்காரர்கள் வரிசையில் வந்து ஒவ்வொருவராக ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஓட்டையைப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஒரு கிழவர் இரண்டு தடவை வந்தார்.

"ஆக, அந்தப் புகைதான் உங்க ஆளு" என்றார் ஹார்லன், துக்கம் விசாரிக்கிற குரலில்.

"புகையா?" ஆர்வில் முகவாய் உயர்ந்தது. "ஹார்லன், கொஞ்சம் நிதானமாப் பாரு. பதினோரு பேரு. பத்துப் பேரு என்ன செஞ்சாங்க? நின்னாங்க. நடுவுல தொப்பி போட்டவரு என்ன செஞ்சாரு? அவரும் நின்னாரு. ரொம்ப நல்லாவே நின்னாரு, நான் குறை சொல்லல. ஆனா அந்த ஏணி எங்க போகுது? மேல, உலக்கையைத் தூக்குற தண்டுக்குப் போகுது. உலக்கை நின்னு கிடக்கு. வேலை கெட்டுக் கிடக்கு. 'எட்டு எண்ணுற வரைக்கும் சும்மா நில்லு'ன்னு ஒருத்தன் சொன்னா, வேலைக்காரனால எப்படிய்யா சும்மா நிக்க முடியும்? அந்த ஆலையில அந்த நிமிஷம் வேலை பாத்தவன் ஒரே ஒருத்தன். அவன்தான் எங்க பூட்டன்!"

"தும்மலாக்கூட இருக்கலாமே?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

"தும்மினா தலைதான் ஆடும். இது ஆளே ஆடியிருக்கு. அது உழைப்புய்யா, உழைப்பு!"

ஆதாரம் என்று பார்த்தால் சல்லடையில் அள்ளிய தண்ணீர். ஆனால் ஆட்கள் மறுபடி படத்தைப் பார்த்தார்கள். பார்க்கப் பார்க்கத் தொப்பிக்காரர் சும்மா நிற்பதுதான் கண்ணில் பட்டது. அவருடைய சங்கிலிகூடச் சும்மா தொங்கியது. புகையோ விறுவிறுவென்று எங்கேயோ போய்க்கொண்டிருந்தது.

ஹார்லன் தொண்டையைக் கனைத்தார். "சரி. அப்ப தொப்பிக்காரர் ஓபல் குடும்பம். புகை ஆர்வில் குடும்பம். முடிஞ்சுது. ஓபல், வாழ்த்துகள்."

கால் நூற்றாண்டுப் போரில் வென்றவர் முகம் எப்படி இருக்க வேண்டும்? ஓபலின் முகம் அப்படி இல்லை. எதிர்ப்பக்கம் இழுத்தவன் கயிற்றைத் திடீரென்று விட்டுவிட்டால் என்ன ஆகும்? வென்றவன்தானே மல்லாந்து விழுவான்! யாருக்கும் வேண்டாத தொப்பிக்காரரை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? அவர் எழுந்து படத்திடம் போனார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். மாட்டினார். விரல் மெல்ல மெல்ல மேலே வந்தது. புகையின் காலடியில் போய் 'டொக்' என்று நின்றது.

"இருங்க. இந்தப் பூட்ஸைப் பாத்தீங்களா யாராவது? ஒண்ணுல வார் இருக்கு. இன்னொண்ணுல வார் இல்ல."

"அதனால?"

"ஒரே ஆள் ரெண்டு தினுசு பூட்ஸ் போடுவானா? இது ரெண்டு ஆளு! உங்க ஆளு ஏணியில ஏறியிருக்கான். கீழ விழாம ஓடிப்போய்ப் பிடிச்சிருக்கான் ஒருத்தன். அவன் பெங்கெல்லி!"

"ஓபல், படத்துல மொத்தம் பதினோரு பேரு" என்றார் ஹார்லன்.

"எண்ணத் தெரியாதவங்க எண்ணினா பதினொண்ணுதான் வரும்."

"அப்ப உன் தலையில இருக்கிற தொப்பி?"

"அன்னிக்கு வீட்டுல வெச்சுட்டு வேலைக்குப் போயிருப்பாரு. உழைக்கிறவனுக்குத் தொப்பி எதுக்கு? அதனாலதான் இன்னி வரைக்கும் கெடாம இருக்கு."

"அந்த நசுங்கல்?"

"தொப்பின்னா நசுங்காதா?"

எல்லோரும் ஆர்விலைப் பார்த்தார்கள். அவர் துள்ளிக் குதிப்பார், புகை முழுக்க என்னுடையது என்று கத்துவார் என்று எதிர்பார்த்தார்கள். ஆர்வில் ஓபலைப் பார்த்தார். எதிரி இல்லாத பூட்டனை வைத்துக்கொண்டு செவ்வாய்க்கிழமைகளில் என்ன செய்வது என்ற கவலை அவருக்கும் இருந்திருக்க வேண்டும்.

"ரெண்டு பேரா இருக்கலாம்" என்றார் பெருந்தன்மையாக. "ஆனா ஏறினது எங்க ஆளு. பிடிச்சது உங்க ஆளு. அதுல மாத்தம் இல்ல."

"யாரு சொன்னா? ஏறினது எங்க ஆளு. உங்க ஆளு பிடிக்கிறேன்னு சொல்லி ஏணியை ஆட்டினான். அதனாலதான் படமே கெட்டுச்சு!"

"ஓட்டை மேல இருக்கு ஓபல், மேல! ஏறினவனுக்குத்தான் மேல ஓட்டை இருக்கும்!"

இன்னும் இருபத்தைந்து வருஷத்துக்குப் போதுமான சரக்கு கிடைத்துவிட்டது. இருவர் முகத்திலும் இளமை திரும்பியது. ஹார்லன் நாற்காலிகளை மடிக்க ஆரம்பித்தார். போகிற போக்கில் மரிசோலிடம், "புகைக்குக் கீழ ரெண்டு பேரையும் எழுதிடும்மா. எந்தப் பேரு முதல்லன்னு மட்டும் யார்கிட்டயும் கேக்காதே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மரிசோல் கையைப் பிசைந்தார். "அங்க நான் இன்னும் வெறும் பூட்ஸ்தானே வரைஞ்சிருக்கேன். மூஞ்சி யாருதுன்னு நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன். புகையை எப்படிங்க ரெண்டு மடங்கு பெருசா வரையறது?"

வரைந்தார். வெள்ளிக்கிழமை முழுக்கச் சாரத்தில் நின்று சாம்பல் நிறத்தையும் வெள்ளையையும் குழைத்துக் குழைத்து அடித்தார். ஆர்வில் கீழே நின்று யோசனை சொல்லிக்கொண்டே இருந்தார்.

"இன்னும் கொஞ்சம் கூட்டும்மா."

"புகையையா?"

"உழைப்பை."

சனிக்கிழமை திறப்பு விழா. பித்தளை வாத்தியக் குழு வாசித்தது. ஊரும் வெளியூரும் சுவர் முன்னால் கூடி நின்றன. ஏணியோரம் புகை பிரம்மாண்டமாக எழுந்து நின்றது. அதன் காலடியில் 'டிரெம்பாத்', 'பெங்கெல்லி' என்று இரண்டு பெயர்கள், எதுவும் முதலில் வராதபடி வட்டமாக எழுதப்பட்டிருந்தன. வெளியூர்க்காரர் ஒருவர் ஆர்விலைப் புகைக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுக்கப் பார்த்தார்.

"கொஞ்சம் அசையாம நில்லுங்க சார்."

"முடியாது தம்பி" என்று சொல்லிவிட்டு ஆர்வில் இடுப்பிலிருந்து மேலே குலுங்கினார். "அது எங்க ரத்தத்துலயே கிடையாது."

இந்தப் பக்கம் ஓபல் புதுச் செருப்பு இரண்டில் ஒன்றின் வாரைக் கழற்றிவிட்டு நொண்டிக்கொண்டிருந்தார். வெர்னா மட்டும் சுவரருகே போய், புகைக்கு மேலே சின்னதாக, சீரகத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக, மரிசோல் வைத்திருந்த மஞ்சள் பொட்டை அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தார். வைக்கச் சொன்னது அவர்தான் என்று எவருக்கும் தெரியாது.

தொப்பிக்காரர்? நடுவில் நின்றார். இரண்டு ஆள் உயரம், தொப்பி, சங்கிலி, தட்டு. காலடி காலி. நெடுந்தூரம் கார் ஓட்டி வந்த தம்பதி ஒன்று ஐஸ்கிரீம் நக்கிக்கொண்டே அவரைத் தாண்டிப் போயிற்று. கணவர் நின்றார். திரும்பினார். ஐஸ்கிரீமை இடது கைக்கு மாற்றினார். வலது கையில் ஆள்காட்டி விரல் தானாக எழுந்தது.

"ஏய், இங்க வா. இவரோட காதைப் பாரு. எங்க தாத்தா வீட்டுல ஒரு படம் இருக்குமே..."

ஆர்விலும் ஓபலும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறந்ததிலிருந்து முதல் தடவையாக ஒரே குரலில் பேசினார்கள்: "அவரா? அவரு சும்மா நின்னவருங்க!"

ஐஸ்கிரீம்காரர் கேட்பதாகத் தெரியவில்லை. சுவரில் ரேகை விழுந்துவிட்டது.

இதையெல்லாம் படித்துக்கொண்டு வரும்போது உங்களுக்கு ஒருவருடைய ஞாபகம் வந்திருக்குமே? ஒரு பெரியப்பா, ஒரு மைத்துனர், அலுவலகத்தில் பக்கத்து மேஜைக்காரர்? "அட, அச்சு அசல் அவரேதான், அந்த மூக்கு முதற்கொண்டு" என்று சிரித்துக்கொண்டீர்கள் அல்லவா? வந்திருக்கும், வந்திருக்கும். கூட்டத்தில் ஓர் ஆளைப் பார்த்த மாத்திரத்தில் இன்னார்தான் என்று சாதித்துவிடுகிற அந்தத் திறமை எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. நல்லது. இப்போது அவரைக் காட்ட நீட்டிய விரலை மெதுவாக மடக்கிக்கொள்ளுங்கள். யாரும் பார்க்கவில்லை.